நிறம் தீட்டாமல் விட்ட பெர்கோலா

"பெர்கோலாவுக்கு அப்ரூவல் வேணுமாக்கா, வேணாமா?"

போன வாரம் பழைய ஆபீஸ் பக்கம் தலையைக் காட்டியபோது உங்களில் ஒருவர் கேட்டார். பெயரைச் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்வார். முப்பத்தோரு வருஷம் பிளான் வரைந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். டக்கென்று பதில் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக "தே தண்ணி ஆறிடப் போவுது, குடி" என்றேன். பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறவரைக்கும் எனக்கே வெட்கமாக இருந்தது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். படித்து முடித்தால் பதில் கிடைத்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். குழப்பம் கொஞ்சம் ஒழுங்காகும், அவ்வளவுதான்.

சூலியா தெருவுக்குப் பின்னால், கடைவீட்டு மாடியில் இருக்கும் நம் ஆபீஸுக்குப் பெரிய கட்டடமெல்லாம் எப்போதாவதுதான் வரும். சமையலறையைப் பின்னால் நீட்டுவது, காடி நிறுத்தும் இடத்துக்குக் கூரை, வாசலில் மரத்தளம், அதன்மேல் பெர்கோலா என்று சில்லறை வேலைகள்தான் என் மேசைக்கு வரும். பெர்கோலா என்றால் நாலு தூண், மேலே குறுக்கே சட்டங்கள். மேலே திறந்திருந்தால் அது கட்டடமே இல்லை என்பார் ஒருவர். தூணைத் தரையில் ஊன்றியாயிற்றே, அப்போது கட்டடம்தான் என்பார் இன்னொருவர். மேலே பிளாஸ்டிக் தகடு போட்டால் கூரையாகிவிடும், கூரை என்றால் எல்லைச் சுவரை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். இது வரைக்கும் எனக்குப் புரியும்.

ஒரு தடவை நான் சும்மா இருக்காமல், "கொடி படர்ந்து மேல முழுசா மூடிடுச்சுன்னா அது கூரையா?" என்று ஒரு அதிகாரியிடம் கேட்டுவிட்டேன். மனிதர் பேனாவைக் கீழே வைத்து யோசித்தார். "மழை வந்தா ஒழுகுமா?" என்றார். "ஒழுகும்" என்றேன். "அப்படின்னா கூரை இல்ல" என்றார். படிக்கட்டு இறங்கும்போது யோசித்தேன், ஒழுகுகிற கூரை எத்தனை வீட்டில் இருக்கிறது! என் வீட்டிலேயே இருக்கிறது.

நான் சொல்ல வந்தது மாணிக்கம் அண்ணன் கதை. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலத்துக்கு முன்னால் நடந்தது.

அண்ணன் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கெலுகோர் பக்கம் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், வரிசை வீடு, அதில் மூலை வீடு அவருடையது. கேலண்டர் தாளின் பின்பக்கத்தில் கையால் கிறுக்கிய படத்தோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, பக்கவாட்டுல ஒரு மரத்தளமும் அதுக்கு மேல பெர்கோலாவும். அப்ரூவல் எடுத்துக் குடுக்கணும்."

"எப்ப கட்டப் போறீங்கண்ணே?"

"நீ வந்து பாரு லா, சொல்றேன்."

போய்ப் பார்த்தேன். கட்டி முடித்து, சாயம் அடித்து, மேலே தகடு போட்டு, அந்தத் தகட்டின் மேல் மார்க்கிசா கொடி படர்ந்து காயும் காய்த்திருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "அண்ணே, கட்டுறதுக்கு முன்னால வாங்குறதுக்குப் பேருதான் அப்ரூவல்" என்றேன்.

"தெரியும்மா. கட்டுறப்ப யோசிக்கிற நெலமையில நான் இல்ல."

அப்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து சரோஜா அக்கா சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வெளியே வந்தார். அண்ணனுடைய மனைவி. இனிப்பு நீர் வியாதியில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது, சிறுநீரகமும் கெட்டுவிட்டது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். காலை ஏழு மணிக்கு அங்கே இருந்தாக வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரம் வாசல் படி மூன்றையும் இறக்கி ஏற்றவே அண்ணன் திண்டாடிப் போயிருக்கிறார். அடுத்த வாரமே இரும்பும் பலகையும் வாங்கி வந்து, தானே பற்றவைத்து, வாசல் மட்டத்துக்குத் தளம் போட்டுவிட்டார். மழையில் நாற்காலி வழுக்கக் கூடாது என்று மேலே தகடு. இப்போது அடுத்த ரோட்டில் யாரோ ஒருவர் வீட்டுக்கு அனுமதி இல்லாமல் கட்டியதற்கு நோட்டிஸ் வந்ததைப் பார்த்துப் பயந்து என்னிடம் ஓடி வந்திருக்கிறார்.

தளம் எங்கே போய் முடிகிறது என்று பார்த்தேன். பக்கத்து வீட்டுச் சுவரில் போய் முடிந்தது. அந்தச் சுவரில் ஒரு சின்ன இரும்பு கேட் இருந்தது. அதைத் தாண்டினால் யூசுப் பாயின் போர்ச், அங்கே அவருடைய காடி. பாய் ரொம்ப காலம் நாணய மாற்றுக் கடையில் வேலை பார்த்தவர், மனைவி இறந்து தனியாக இருந்தார். மாணிக்கம் அண்ணனுக்கு மோட்டார் சைக்கிள்தான் ஓட்டத் தெரியும். அதனால் வாரம் மூன்று நாளும் காலை ஆறரைக்கு நாற்காலி தளத்தில் உருண்டு, கேட்டைத் தாண்டி, பாயின் காடிக்குப் போய்விடும். ஒரு சொட்டு மழை படாது. பாய்தான் கொண்டுபோய் விடுவார், திரும்ப அவரே போய்க் கூட்டி வருவார்.

எல்லைச் சுவரை ஒட்டி எது கட்டினாலும் பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் வேண்டும். கடிதத்தை நீட்டியபோது பாய் படித்துக்கூடப் பார்க்கவில்லை. "இதுக்கெல்லாமா கையெழுத்து?" என்று சிரித்துக்கொண்டே போட்டுவிட்டு, கொடியை அண்ணாந்து பார்த்தார். "மாணிக்கம், எலையெல்லாம் எங்க லோங்காங்லதான் விழுது. வெட்டு லா. இல்லன்னா மஜ்லிஸ்காரன் வந்து வெட்டுவான்." லோங்காங் என்றால் சாக்கடைக் கால்வாய், மஜ்லிஸ் என்றால் நகராண்மை, காடி என்றால் கார், லா என்பது இங்கே பேச்சோடு ஒட்டிக்கொள்ளும் வால். உங்களுக்குத் தெரியும், இந்த ஊரில் பிறக்காதவர்கள் படித்தால் தெரிய வேண்டுமே என்று சொல்கிறேன். பாய் சொன்னதற்கு அண்ணனும் சிரித்தார், நானும் சிரித்தேன். அந்தப் பேச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என் தவறு.

பிளானில் ஒரு வழக்கம் உண்டு. கட்டப் போவதைச் சிவப்பால் தீட்ட வேண்டும். ஏற்கெனவே இருப்பதை நிறமே இல்லாமல் விட வேண்டும். இடிக்கப் போவதைப் புள்ளிக்கோடாகக் காட்ட வேண்டும். நீங்கள் வந்த முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இப்போது சொல்லுங்கள், மாணிக்கம் அண்ணன் பெர்கோலாவை நான் எப்படிக் காட்டுவது? கொடுக்கப் போவது கட்டுவதற்கான மனு, ஆனால் பொருள் அங்கே நின்றுகொண்டு காய் காய்க்கிறது.

சிவப்பு போட்டால் பொய். இந்தத் தொழிலில் நிறையப் பேர் அந்தப் பொய்யைச் சொல்கிறார்கள், வெயிலுக்குக் குடை பிடிப்பதுபோலச் சாதாரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு ஒரு திமிர் உண்டு. விமலா வரைந்தால் ஒரு கோடுகூடப் பொய்யாக இருக்காது என்று ஆபீஸில் பேச்சு. அந்தப் பேச்சைக் காப்பாற்ற வேண்டுமே! முதலாளியிடம் போய்க் கேட்டேன். நம் பழைய முதலாளியை உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர், நல்ல மனிதர். ஆனால் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, "பாத்து செய்ங்க" என்றார்.

பார்த்தேன். பெர்கோலாவை நிறம் தீட்டாமல் விட்டேன். 'இருப்பது' என்று பக்கத்தில் மலாயில் அழகாக எழுதவும் செய்தேன். நான்கு தூணையும் அங்குலம் பிசகாமல் வரைந்தேன். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது என் நடையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஆனால் மாணிக்கம் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அண்ணே, இப்படித்தான் காட்டப் போறேன், காட்டினா அனுமதி இல்லாம கட்டினது வெளிய தெரிஞ்சுடும், நோட்டிஸ் வரலாம், சம்மதமா?" என்று கேட்கத் தோன்றவே இல்லை. காகிதத்தில் உண்மை பேசினவளுக்கு வாயால் பேச மறந்துபோனது. அவர் படத்தைப் பார்த்தார், "அப்படியே நம்ம வீடு மாதிரியே இருக்கு லா" என்று மகிழ்ந்து கையெழுத்துப் போட்டார்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை போன் வந்தது. அண்ணன்தான்.

"தங்கச்சி, நோட்டிஸ் ஒட்டிட்டுப் போயிருக்கான். எல்லாத்தையும் பிரிச்சு எடுக்கணுமாம், நாள் குறிச்சிருக்கு."

"பதட்டப்படாதீங்கண்ணே, மனு போட்டிருக்கோம்ல, பாத்துக்கலாம்."

"அது இல்லம்மா. கிடைத்த தகவலின் பேரில்னு எழுதியிருக்கு. யாரோ போய்த் தகவல் குடுத்திருக்காங்க. யாருன்னு எனக்குத் தெரியும்."

"யாருண்ணே?"

"அன்னிக்கே சொன்னாருல்ல, மஜ்லிஸ்காரன் வந்து வெட்டுவான்னு. நீயும்தான் பக்கத்துல இருந்த."

யூசுப் பாயா? சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவரே போய்ப் புகார் சொல்வாரா? ஆனால் மனிதர்களைப் பற்றி யார் என்ன சொல்ல முடியும், கொடி இலை விழுந்ததற்கே சண்டை போட்ட அக்கம்பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். அப்படித்தான் நினைத்தேன், உண்மையைச் சொல்கிறேன். கொஞ்ச நேரம் பாய் மேல் எனக்கும் கோபம் வந்தது.

அண்ணன் அன்று மாலையே சுவர் கேட்டுக்குப் பூட்டுப் போட்டு, அதன் முன்னால் பூத்தொட்டிகளையும் அடுக்கிவிட்டார். பாயிடம் ஏன் என்று சொல்லவில்லை. புதன்கிழமை டயாலிசிஸுக்கு வாடகைக் காடி கூப்பிட்டார்.

வியாழக்கிழமை நான் நகராண்மை அலுவலகத்துக்குப் போனேன், அவகாசம் கேட்கலாம் என்று. கவுண்டரில் இருந்த மலாய்க்கார அம்மாள் எங்களுக்கெல்லாம் பல வருஷப் பழக்கம், 'காக்' என்றுதான் கூப்பிடுவோம், அக்கா மாதிரி. அவரிடம் மலாயில் கேட்டேன், தமிழில் சொல்கிறேன்.

"காக், இதுக்குத் தகவல் குடுத்தது யாருன்னு சொல்லக் கூடாதுதான், எனக்குத் தெரியும். ஆனா ரெண்டு பக்கத்து வீட்டுக்காரங்க சண்டையில இருக்காங்க. கொஞ்சம் சொல்லுங்களேன்."

காக் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார். உள்ளே இருந்தது என்னுடைய பிளான். நிறம் இல்லாமல் நின்ற என் பெர்கோலாவைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம்.

"தகவல் குடுத்தது நீதானே" என்றார்.

அவர் மேலும் என்னவோ சொன்னார், இப்படிக் காட்டினால் நோட்டிஸ் போகத்தான் செய்யும், பயப்படாதே, மேல்முறையீடு எழுது, எல்லையை ஒட்டிய பகுதியைச் சரிசெய்தால் பார்க்கலாம் என்று. எல்லாம் பாதிதான் காதில் விழுந்தது. கீழே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

ஆபீஸுக்கு வந்து முதலாளியிடம் சொன்னேன். "அவர்கிட்டப் போய் நான்தான்னு சொல்லவா, இல்ல பேசாம மேல்முறையீட்டை முடிச்சுக் குடுத்துட்டு வாயைப் பொத்திக்கவா?" அவர் கண்ணாடியை ஏற்றினார். எனக்குத் தெரியும் என்ன வரப் போகிறதென்று. வந்தது. "பாத்து செய்ங்க." அன்று அவரை அடிக்கவேண்டும் போல இருந்தது.

அன்று மாலையே கெலுகோருக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று போன உறுதி வாசலிலேயே கழன்றுவிட்டது. அண்ணன் என்னை உட்காரவைத்து வடை கொடுத்தார். "நீ மட்டும் இல்லன்னா நாங்க என்னாவோம் தங்கச்சி" என்றார். அந்த வார்த்தைக்குப் பிறகு எப்படிச் சொல்வது? மூன்று வடை சாப்பிட்டேன். மேல்முறையீடு பற்றிப் பேசினேன். பூத்தொட்டிகளைப் பார்க்காமல் கிளம்பி வந்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் சாப்பிட்ட மிக மோசமான வடை அதுதான், பாவம், வடை நன்றாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிகாலையிலிருந்து மழை. கேட் பூட்டியிருந்ததால் நாற்காலியை முன்வாசல் வழியாகத்தான் இறக்க வேண்டும். அண்ணன் ஒரு பக்கம், வாடகைக் காடிக்காரர் ஒரு பக்கம். அவருக்குப் பழக்கம் இல்லை, சக்கரம் ஈரத்தில் சறுக்கியது, சரோஜா அக்கா படியில் விழுந்துவிட்டார். முட்டி கிழிந்துவிட்டது. டயாலிசிஸ் நோயாளிக்கு ரத்தம் சீக்கிரம் நிற்காது. கட்டுப் போட்டு, துணி மாற்றி, போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம், அடுத்த நோயாளி காத்திருந்ததால் அன்றைய சிகிச்சையைக் குறைத்துவிட்டார்களாம். சனிக்கிழமை காலை அண்ணன் போனில் இதைச் சொல்லிவிட்டு, "அந்தப் பாய் நல்லா இருக்கட்டும்" என்று கசப்போடு முடித்தார்.

நான் போனை வைத்துவிட்டு அழுதேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. வியாழக்கிழமை வடைக்குப் பதிலாக வாயைத் திறந்திருந்தால் வெள்ளிக்கிழமை அக்கா விழுந்திருக்க மாட்டார். இதில் குழப்பமே கிடையாது, மொத்தக் கதையில் எனக்குத் தெளிவாகத் தெரிந்த ஒரே விஷயம் இதுதான்.

உடனே கிளம்பினேன். ஆனால் போன வீடு பாயுடையது. ஏன் முதலில் அங்கே போனேன் என்று கேட்டால் தெரியாது. பயம்தான், வேறென்ன. பாய் போர்ச்சில் உட்கார்ந்திருந்தார். நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"அப்ப நான் மஜ்லிஸ்ல போய்ச் சொன்னேன்னு அவன் நெனைச்சிட்டிருக்கான்" என்றார் மெதுவாக.

"ஆமா பாய். தப்பு என்னோடது."

"நோட்டிஸு வந்த அன்னிக்கி கேட்டைப் பூட்டுனான். என்னாடா தப்பு செஞ்சோம்னு நாலு நாளா யோசிச்சேன்மா. கொடிய வெட்டுன்னு சொன்னது சுட்டுடுச்சோன்னு நெனைச்சேன்." பூட்டிக் கிடந்த கேட்டைப் பார்த்தார். "ஒரு வார்த்த கேட்டிருந்தா இல்லன்னு சொல்லியிருப்பேன். கேக்கலியே."

பிறகு அவராகவே சொன்னார். புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் ஆறரை மணிக்கு வழக்கம்போல் காடியை ஸ்டார்ட் பண்ணி, பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். ஒருவேளை கேட் திறந்தால் அக்காவைக் காக்க வைக்கக் கூடாதே என்று.

"வெள்ளிக்கெழம சரோஜா விழுந்தது எனக்குக் கேட்டுச்சும்மா. ஓடிப் போயிருக்கணும். போகல. எனக்கும் ரோஷம்."

அடுத்த வீட்டுக்குப் போனேன். அண்ணனும் அக்காவும் இருந்தார்கள். இந்தத் தடவை உட்காரவே இல்லை. நின்றபடி சொன்னேன், நிறம், வட்டம், காக் சொன்னது, வியாழக்கிழமையே எனக்குத் தெரியும் என்பதையும். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப பாய் இல்லியா?" என்றார்.

"இல்லண்ணே."

"பாய் சொல்லல?"

"சொல்லல."

"அப்ப நாலு நாளா நான் யார் மேல கோவமா இருந்தேன்?"

அவர் பிளானை எடுத்து வந்து விரித்துப் பார்த்தார். நிறமில்லாத பெர்கோலாவை விரலால் தடவினார். "இது நல்லாத்தானே இருக்கு, இதுல என்ன தப்பு?" என்றார். பிளானில் தப்பு இல்லைதான்.

சரோஜா அக்கா கட்டுப் போட்ட முட்டியைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பி, "வியாழக்கெழமயே தெரியுமா உனக்கு?" என்றார். தலையாட்டினேன். அவர் அதற்குமேல் என்னிடம் எதுவும் பேசவில்லை. கணவரைப் பார்த்து, "போயி கேட்டைத் தொறங்க" என்றார்.

அண்ணன் எழுந்து போனார். தொட்டிகளை நகர்த்தினார். பூட்டு இருந்தது, சாவியைக் காணவில்லை. கோபத்தில் எங்கே வீசினாரோ, அவருக்கே நினைவில்லை. சட்டைப் பை, சாமி மேடை, கருவிப் பெட்டி, அரிசி டப்பாவின் மூடிவரை தேடினோம். கடைசியில் தொழிற்சாலைக் காலத்து இரும்பு ரம்பத்தை எடுத்து வந்து, குந்தி உட்கார்ந்து பூட்டை அறுக்க ஆரம்பித்தார். கிர்ர் கிர்ர் என்று தெருவே கேட்டிருக்கும்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பாய் ஓடிவரும் சத்தம் கேட்டது.

"மாணிக்கம்! என்னாத்த அறுக்குற? தூண அறுக்காத! இன்னும் நாளு இருக்குல்ல, மேல்முறையீடு போடலாம்னு அந்தப் பிள்ள சொல்லுது, அவசரப்படாத லா!"

அண்ணன் ரம்பத்தை நிறுத்தினார். தலை நிமிரவில்லை.

"தூண இல்ல பாய்" என்றார். "பூட்டத்தான்."

பாய் கம்பி வழியாக எட்டிப் பார்த்தார். "சின்ன ரம்பம் வச்சு எப்ப அறுத்து முடிப்ப" என்றார் பாய். "இரு, என்கிட்டப் பெருசு இருக்கு." கேட் கம்பிக்கு நடுவே பெரிய ரம்பம் ஒன்று நீண்டது. இருவரும் முறை வைத்து அறுத்தார்கள். மன்னிப்புக் கேட்டார்களா என்று என்னிடம் கேட்காதீர்கள், நான் கேட்ட வரைக்கும் ரம்பத்தைப் பற்றித்தான் பேசினார்கள். திங்கட்கிழமை காலை ஆறரைக்கு நாற்காலி பழைய வழியில் போனது.

மேல்முறையீடு எழுதினோம். நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்கள். சுவரை ஒட்டிய மூன்றடி அகலத்துக்கு மேல்தகட்டைக் கழற்ற வேண்டும். சட்டங்கள் இருக்கலாம், கொடியும் இருக்கலாம், ஏனென்றால் ஒழுகுகிறதே! திருத்திய பிளான் தர வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் மறுபடியும் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தத் திருத்தத்துக்காக உட்கார்ந்தபோதுதான் என் பழைய பிளானில் ஒன்றைக் கவனித்தேன். எல்லைச் சுவரை ஒரே நேர்கோடாக இழுத்துவிட்டிருந்தேன். கேட் இல்லை. பெர்கோலாவை அங்குலம் அங்குலமாக அளந்தவள், அக்காவின் நாற்காலி போய் வந்த கேட்டை விட்டிருக்கிறேன். ஒரு கோடுகூடப் பொய் சொல்லாத விமலா!

எல்லைச் சுவரில் அப்படித் திறப்பு வைக்கலாமா கூடாதா, எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. காட்டினால் இன்னொரு நோட்டிஸ் வருமோ? காட்டாவிட்டால் மறுபடியும் பொய்யோ? முதலாளியிடம் போகவில்லை. பிளானைச் சுருட்டிக்கொண்டு நேரே கெலுகோருக்குப் போனேன். பாயையும் கூப்பிட்டு, மூன்று பேரையும் தளத்தில் உட்காரவைத்துக் கேட்டேன்.

"இந்தக் கேட்டைக் காட்டவா, வேணாமா? காட்டினா என்ன வரும்னு எனக்குத் தெரியாது. காட்டாட்டி என்ன வரும்னும் தெரியாது. ரெண்டுல எதுன்னாலும் உங்ககிட்டக் கேக்காம செய்ய மாட்டேன்."

அண்ணன் பாயைப் பார்த்தார். பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போன தடவை மாதிரி இல்லாமல், சம்மதக் கடிதத்தை வரி வரியாகப் படித்தார். முடித்துவிட்டு அண்ணனிடம், "நான் சொல்லாதது வேற ஏதாச்சும் நான் சொன்னதா இதுல இருக்கா?" என்று கேட்டார். அண்ணன் முகம் சுருங்கிப் போனது. பாய் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பதில் சொன்னது சரோஜா அக்காதான். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"இருக்குன்னு போடு."

போட்டேன். இரும்பு கேட், இரண்டரை அடி அகலம், நிறம் தீட்டாமல்.

பெர்கோலாவுக்கு நான் அன்றே சிவப்பு தீட்டியிருந்தால் நோட்டிஸ் வந்திருக்காது, பூட்டு வந்திருக்காது, அக்கா விழுந்திருக்க மாட்டார். அப்படியென்றால் பொய்தான் சரியா? எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன், தெரியவில்லை. உங்களை நான் சிவப்பு தீட்டு என்றும் சொல்ல மாட்டேன், தீட்டாதே என்றும் சொல்ல மாட்டேன். பேனாவை எடுக்கும் முன்னால் அந்த வீட்டில் இருப்பவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். வடை கொடுத்தால் சொல்லி முடித்த பிறகு சாப்பிடுங்கள்.

அங்கீகாரம் கிடைத்தது. பிளானை வாங்கப் போனபோது காக் இல்லை, வேறு யாரோ கொடுத்தார்கள். விரித்துப் பார்த்தேன். கீழே முத்திரை இருந்தது. மேலே, சுவரில், என் நிறமில்லாத கேட்டைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். பக்கத்தில் ஒரு எழுத்தும் இல்லை. கேள்வியா, எச்சரிக்கையா, பார்த்தும் விட்டுவிட்டோம் என்று சொல்கிறார்களா, எனக்குத் தெரியாது. போய்க் கேட்டிருக்கலாம். பிளானைச் சுருட்டிக்கொண்டு வேகமாகப் படியிறங்கி வந்துவிட்டேன். அன்று புதன்கிழமை, அக்கா டயாலிசிஸ் முடிந்து பாயின் காடியில் வந்து இறங்கி அந்தக் கேட் வழியாகத்தான் வீட்டுக்கு வர வேண்டும்.